காட்டுப் பறவைகளின் அடர்த்தி: குரலைக் கேட்டுக் கணக்கிடும் முறை

மயில் 1963ஆம் ஆண்டில் நமது தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கின்றது. அதே மயிலைப் பற்றித்தான் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் உழவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். விதைத்த நிலக்கடலையைக் கிளறித் தின்கிறது, தக்காளியைக் கொத்துகிறது, நெற்கதிரை உதிர்க்கிறது என்பது அவர்கள் குறை. கோவாவில் 2016ஆம் ஆண்டில் மயிலைப் பயிருக்குத் தொல்லை தரும் உயிரினமாகக் கருதலாமா என்ற பேச்சே எழுந்து, நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பிற்று. இழப்பீடு கேட்கும் உழவரும், பாதுகாப்பைத் தளர்த்தக் கூடாது என்னும் பறவை ஆர்வலரும் அரசின் முன் வைக்கும் வழக்கு ஒரு வினாவில் வந்து நிற்கின்றது. இந்த வட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை மயில்கள் வாழ்கின்றன?

கால்நடைகளைப் பற்றி இவ்வாறு கேட்டால் விடை கூறுவது எளிது. 1919ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் கால்நடைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. கணக்கெடுப்பாளர் வீடு வீடாகச் சென்று எண்ணி எழுதிக் கொள்கிறார். காட்டுப் பறவைக்கு வீட்டு எண் இல்லை. புதரிலும் இலைச் செறிவிலும் இருக்கும் பறவையைக் கண்ணால் காண்பதற்கு முன் காதால் கேட்டு விடுகிறோம். பல இனங்களைக் கேட்பதோடு சரி, காண்பதே இல்லை. ஆகவே குரலை ஆதாரமாகக் கொண்டு தொகையைக் கணிக்கும் முறைகள் தோன்றின. கேட்ட குரல் எவ்வாறு ‘ஹெக்டேருக்கு இத்தனை’ என்ற அடர்த்தியாக மாறுகிறது, அம்மாற்றத்தில் எங்கெங்கே தவறு புகும் என்பவற்றை இங்கு விளக்க முற்படுவோம்.

குறியீட்டெண் வேறு, அடர்த்தி வேறு

இம்முறையின் தொடக்கம் வேட்டைப் பறவைகளின் நிர்வாகத்தில் உள்ளது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் வனக்கோழிச் சேவல்களின் கூவலை எண்ணித் தொகையைக் கணிக்கும் முறையை ஜேம்ஸ் கிம்பால் 1949ஆம் ஆண்டில் வெளியிட்டார். சாலை ஒன்றில் குறித்த இடங்களில் வண்டியை நிறுத்தி, குறித்த நேரம் வரை கூவல்களை எண்ணி, அடுத்த இடத்திற்குச் செல்வதே முறை. பூச்சிமருந்துகளால் பறவைகள் அழிகின்றனவோ என்ற அச்சம் பரவிய காலத்தில், 1966இல், சாண்ட்லர் ராபின்ஸ் என்பவர் இதனை எல்லா இனங்களுக்கும் விரித்து வட அமெரிக்க இனப்பெருக்கப் பறவைக் கணிப்பைத் தொடங்கினார். அதில் ஒரு வழித்தடத்திற்கு 50 நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் 3 நிமிடம்.

இவை தருவது அடர்த்தி அன்று, குறியீட்டெண். பொருளாதார மாணவருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. விலைவாசிக் குறியீட்டெண் 100இலிருந்து 120 ஆயிற்று என்றால் விலை ஏறிய விகிதம் தெரியும். ஒரு கிலோ அரிசி என்ன விலை என்பது தெரியாது. அதுவும், கூடையிலுள்ள பொருள்களும் அவற்றின் எடைகளும் மாறாதிருந்தால்தான் ஒப்பீடு செல்லும். குரல் குறியீட்டெண்ணிலும் அப்படியே. அதே இடம், அதே மாதம், அதே நேரம், ஏறத்தாழ அதே கேட்குந் திறன் என்பவை அமைந்தால் இவ்வாண்டு 40, சென்ற ஆண்டு 50 என்பது ஒரு செய்தியாகும். இவற்றுள் ஒன்று மாறினால் எண்ணின் மாற்றம் பறவையின் மாற்றமாகாது.

இந்தியாவின் பறவைகள் நிலை குறித்து 2023ஆம் ஆண்டில் வெளியான அறிக்கையையும் இந்த நோக்கிலேயே படிக்க வேண்டும். சுமார் 30,000 பறவை ஆர்வலர்களின் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை அது ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கூறப் போதிய தரவு 338 இனங்களுக்கே கிடைத்தது. அவற்றுள் 204 இனங்கள் குறைந்துள்ளன, 98 நிலையாக உள்ளன, 36 பெருகியுள்ளன. பெருகியவற்றுள் மயில் முதன்மையானது. மிகப் பயனுள்ள அறிக்கை இது. ஆயினும் இதன் அடிப்படை, பறவைப் பட்டியல்களில் ஓர் இனம் எவ்வளவு அடிக்கடி இடம் பெறுகிறது என்பதே. மயில் பெருகியுள்ளது என்று கூற இது போதும். திருப்பூர் மாவட்டத்தின் ஓர் ஊராட்சியில் எத்தனை மயில்கள் உள்ளன, அவை தின்னும் நிலக்கடலை எவ்வளவு என்று கணக்கிட இது போதாது. அதற்கென இது தயாரிக்கப்படவும் இல்லை.

எவ்வளவு தூரம் கேட்கிறது?

அடர்த்தி என்பது எண்ணிக்கையைப் பரப்பால் வகுத்து வருவது. எண்ணிக்கை நம் குறிப்பேட்டில் உள்ளது. பரப்பு எங்கே உள்ளது? ஓரிடத்தில் நின்று கேட்கும்போது, எத்தனை மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலிருந்து அக்குரல்கள் வந்தன? இதற்கு விடையில்லாத குரல் கணக்கெடுப்பு, நிலத்தின் அளவு எழுதப்படாத விளைச்சல் கணக்கைப் போன்றது.

பெங்களூரின் அடுகோடியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஓசூர் சாலையின் இரைச்சலை ஒட்டியே தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனமும், 1923ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிப் பின்னர் கர்நாலுக்குத் தலைமையகத்தை மாற்றிக் கொண்ட தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமும் உள்ளன. மரங்கள் நிறைந்த இத்தகைய வளாகங்களிலும் அருகிலுள்ள லால்பாக்கிலும் கோடைக் காலையில் ‘குட்ரூ, குட்ரூ’ என்று ஓயாது ஒலிக்கும் குரல் சின்னக் குக்குறுவானுடையது. இலைப் பச்சையோடு ஒன்றிவிடும் நிறமாதலால் குரலைக் கேட்கும் பத்துப் பேரில் ஒருவர் அதைப் பார்த்திருந்தால் வியப்பே.

இப்பகுதியில் 200 மீட்டருக்குக் குறையாத இடைவெளியில் 20 இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் நின்று, 100 மீட்டருக்குள் ஒலித்த குக்குறுவான்களை எண்ணியதாகக் கொள்வோம். கீழ்வரும் எண்கள் விளக்கத்திற்காக அமைத்துக் கொண்டவை. ஆய்வு முடிவுகள் அல்ல. மொத்தம் 30 பறவைகள். 100 மீட்டர் ஆரமுள்ள வட்டம் 3.14 ஹெக்டேர், 20 வட்டங்கள் 62.8 ஹெக்டேர். 30ஐ 62.8ஆல் வகுத்தால் ஹெக்டேருக்கு 0.48 பறவை. பல அறிக்கைகள் இங்கேயே நின்று விடுகின்றன.

இனி ஒவ்வொரு பறவையின் தூரத்தையும் குறித்து வைத்திருந்தால் என்ன தெரியும் என்று பார்ப்போம். வட்டத்தை 25 மீட்டர் அகலமுள்ள நான்கு வளையங்களாகப் பிரித்தால் அவற்றின் பரப்புகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் அமையும். பறவைகள் எங்கும் ஒரே சீராக இருந்து, எல்லாக் குரலும் நம் காதை எட்டுமானால், எண்ணிக்கையும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். நமது 30 பறவைகள் உள்வளையத்திலிருந்து வெளியே 3, 9, 12, 6 என்று அமைந்தன என்று கொள்க. முதல் இரண்டும் விகிதத்தோடு பொருந்துகின்றன. மூன்றாவதில் 15 இருக்க வேண்டும், 12தான் உள்ளது. நான்காவதில் 21 இருக்க வேண்டும், 6தான் உள்ளது. குறைந்தவை இல்லாத பறவைகள் அல்ல; கேளாத பறவைகள். எல்லாம் கேட்டிருந்தால் தொகை 48 ஆகியிருக்கும். 48ஐ 62.8ஆல் வகுக்க, அடர்த்தி 0.76 ஆகிறது.

‘தூரவழி மாதிரிக் கணிப்பு’ எனப்படும் முறையின் உயிர்நாடி இதுவே. வட்டங்களுக்கு ஏற்ற வடிவத்தை ரெனால்ட்ஸ், ஸ்காட், நுஸ்பாம் ஆகிய மூவர் 1980இல் வகுத்தனர். பக்லாண்டும் அவருடைய தோழர்களும் 1993இல் எழுதிய நூல் இதற்கு முழுமையான புள்ளியியல் உருவம் தந்தது. நாம் கைக்கணக்காகச் செய்ததை அவர்கள், தூரம் கூடக் கூடக் கேட்கும் வாய்ப்பு குறைவதைக் காட்டும் வளைகோடாக வரைகின்றனர். அக்கோட்டை நம்பத்தக்கவாறு வரைய ஓர் இனத்திற்கு ஏறத்தாழ 75 முதல் 100 பதிவுகள் வரை வேண்டும்.

விளிம்புச் சிக்கல் ஒன்றும் உண்டு. நமது வேளாண் புள்ளியியல் வரலாற்றை அறிந்தோர் இதனை உடனே அடையாளம் காண்பர். பேராசிரியர் மகலனோபிஸ் வங்காளத்தில் பயிர் அறுவடை மாதிரிகளுக்குச் சில அடி ஆரமுள்ள சிறு வட்டங்களைப் பயன்படுத்தினார். பி. வி. சுகாத்மே 1946ஆம் ஆண்டில், சிறு வட்டங்கள் விளைச்சலை மிகைப்படுத்துகின்றன என்று காட்டினார். எல்லைக் கோட்டில் நிற்கும் செடியை உள்ளே சேர்த்துக் கொள்ளவே அறுப்பவரின் கை செல்கிறது. வட்டம் சிறிதாகச் சிறிதாக விளிம்பின் பங்கு பெரிதாகிறது. பறவைக் கணக்கிலும் 105 மீட்டரில் கூவும் பறவையை 100க்குள் சேர்க்கவே ஆர்வமுள்ள காது விரும்பும். செடியின் எல்லையைக் கயிறு கட்டிச் சரிபார்க்கலாம். குரலுக்குக் கயிறு கட்ட முடியாது. ஆகையால் கணக்கெடுப்பாளருக்குத் தூரத்தை மதிப்பிடும் பயிற்சி இன்றியமையாதது. சில பறவைகள் அப்பயிற்சியையும் ஏய்த்து விடும். செம்மார்புக் குக்குறுவான் ‘டுக், டுக்’ என்று தட்டார் சம்மட்டி போல ஒலிக்கும்போது தலையை இருபுறமும் திருப்பிக் கொண்டே இருக்கும். குரல் ஒரு கணம் அருகிலும் மறுகணம் தொலைவிலும் வருவதாகத் தோன்றும்.

இரைச்சலும் இதோடு சேர்கிறது. ஓசூர் சாலையில் காலை 6 மணிக்குக் கேட்கும் வட்டமும் 9 மணிக்குக் கேட்கும் வட்டமும் ஒன்றல்ல. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கின்போது நகரங்களில் பறவைகள் திடீரெனப் பெருகிவிட்டதாகப் பலர் மகிழ்ந்தனர். வாகனம் ஓய்ந்ததால் நம் காதின் வட்டம் விரிந்தது என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும். அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிட்டினத்தை ஆராய்ந்தவர்கள், அமைதியில் அவை முன்னிலும் மெதுவாகவே பாடின என்றும், அப்படியிருந்தும் குரல் எட்டும் தூரம் இரு மடங்காயிற்று என்றும் கண்டறிந்தனர். ஆரம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு.

வாய் திறவாத பறவைகள்

கேளாத பறவைகளில் இன்னொரு வகை, அருகிலேயே இருந்தும் அந்தப் பத்து நிமிடத்தில் குரல் கொடுக்காதவை. இவற்றைக் கணிக்க ஓர் எளிய உபாயம் உண்டு. மீன்வளத் துறையினர் குளத்து மீனைக் கணிக்கக் கையாளும் முறையின் உறவு அது. பத்து நிமிடத்தை இரு பாதிகளாக்கி, முதல் ஐந்து நிமிடத்தில் எத்தனை பறவைகள், அடுத்த ஐந்தில் புதிதாக எத்தனை என்று பிரித்து எழுத வேண்டும். நமது 30இல் 20 முதற்பாதியிலும் 10 பிற்பாதியிலும் புதிதாகக் கேட்டன என்க. புதியவை பாதியாகக் குறைந்ததால், ஒவ்வொரு ஐந்து நிமிடத்திலும் எஞ்சியவற்றில் பாதி குரல் கொடுக்கின்றன என்று கொள்ளலாம். அவ்வாறாயின் 40இல் 20 முதலிலும், எஞ்சிய 20இல் 10 அடுத்தும் கேட்டன. 10 கடைசிவரை மௌனம். கேட்டது நான்கில் மூன்று பங்கு. 0.76ஐ இதற்கேற்பத் திருத்தினால் ஹெக்டேருக்கு 1.02.

அதே 30 பறவைகளிலிருந்து 0.48, 0.76, 1.02 என மூன்று விடைகள் வந்துள்ளன. மூன்றாவது முதலாவதைப் போல் இரு மடங்கிற்கும் மேல். களத்தில் கூடுதலாகச் செலவானது தூரத்தையும் நிமிடத்தையும் எழுதும் மை மட்டுமே.

ஒரே பருவத்திற்குள் இக்கணக்கு செல்லும். பருவம் தவறினால் எந்தத் திருத்தமும் உதவாது. குயில் கோடையில் ஊரையே எழுப்பும். குளிர்காலத்தில் அதே தோப்பில் வாய் மூடிக் கிடக்கும். பாலினமும் ஒரு தடை. பல இனங்களில் கூவுவது ஆணே. ஆணை எண்ணி இரண்டால் பெருக்கும் வழக்கம் இணையாக வாழும் பறவைக்கு ஓரளவு பொருந்தும். மயிலுக்குப் பொருந்தாது. ஆண் மயில் இணை பிரியாது வாழ்வதில்லை. ஓர் ஆணை நாடிப் பல பெட்டைகள் வருவதுண்டு, தோகை முற்றாத இளம் ஆண்கள் கணக்கில் வராமலே போவதுமுண்டு. அதோடு ஒரு மயில் அகவினால் மற்றவை எதிர்க்குரல் கொடுக்கும். இடி இடித்தாலும், நாய் குரைத்தாலும் எல்லாம் சேர்ந்து அகவும். நூறு அகவல் என்பது நூறு மயில் அன்று. ஐந்து மயில்களாகவும் இருக்கலாம்.

இமயத்திலும் தேனியிலும்

மேற்கு இமயத்தின் அடர்ந்த காடுகளில் வாழும் மேற்கத்திய டிராகோபன் என்னும் வனக்கோழி இம்முறையின்றி எண்ணவே முடியாத பறவை. இமாசலப் பிரதேசத்தின் மாநிலப் பறவையாகிய அதனை, அங்கே வாழ்வோரும் அரிதாகவே காண்கின்றனர். ஆனால் வசந்த காலத்தில், விடியலுக்கு முன், சேவல் மலைச்சரிவில் நெடுநேரம் குரல் கொடுக்கும். ஆண்டனி கேஸ்டன் முதலியோர் 1979, 1980ஆம் ஆண்டுகளில் இமாசலத்தில் ஆய்வு செய்து, இமய வனக்கோழிகளைக் கணக்கிடும் முறைகளை வகுத்தனர். இருள் விலகுமுன் பலர் வெவ்வேறு மேடுகளில் அமர்கின்றனர். ஒவ்வொரு குரலுக்கும் நேரமும் திசையும் குறிக்கப்படுகின்றன. பின்னர் எல்லாக் குறிப்பேடுகளையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், இருவர் கேட்ட திசைக்கோடுகள் வெட்டும் இடத்தில் பறவை இருக்கிறது. ஒரே நிமிடத்தில் இரு இடங்களிலிருந்து எழுந்த குரல்கள் இரு பறவைகள். ஒன்றை இரண்டாக எண்ணும் பிழை இதனால் பெரிதும் குறைகிறது. மாபெரும் இமாலயத் தேசியப் பூங்காவிலும் இத்தகைய குரல் கணிப்புகள் நடந்துள்ளன.

நம் பக்கத்தில் இதற்கு இணையானது சாம்பல் காட்டுக்கோழி. தீபகற்ப இந்தியாவுக்கே உரியது. அதன் கழுத்திறகு அயல்நாட்டுத் தூண்டில் பூச்சிகளுக்காக ஒரு காலத்தில் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. மயிலாடுதுறை அ.வ.அ. கல்லூரியின் ஆய்வாளர்கள் தேனி வனக் கோட்டத்தில் இப்பறவையை ஆராய்ந்துள்ளனர். காட்டுச் சேவலின் கூவல் துண்டு துண்டானது, நாட்டுச் சேவலினின்று எளிதில் பிரித்தறியத்தக்கது. காலையிலும் மாலையிலும் தன் எல்லைக்குள்ளிருந்தே கூவும். குரல் கணக்கிற்கு இதைவிட ஏற்ற பறவை தென்னாட்டில் சிலவே.

பிழையையும் அச்சிட வேண்டும்

அடுகோடி எடுத்துக்காட்டில் வந்த 1.02 எவ்வளவு உறுதியானது? வேறு எந்தக் குறையும் இல்லையென்றே வைத்துக் கொண்டாலும், 30 என்ற எண்ணிக்கைக்குத் தற்செயலால் வரும் திட்டப் பிழை சுமார் 5.5, அதாவது 18 சதவிகிதம். அடர்த்தி ஏறத்தாழ 0.65க்கும் 1.4க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இதைப் பாதியாக்க 20 இடம் போதாது, 80 இடம் வேண்டும். காலை 6 முதல் 9 மணிக்குள் ஒருவர் 7 இடங்களில் கேட்க முடியுமாயின், 12 காலைகள் ஆகும். ஒரு மாவட்டத்தின் இழப்பீட்டுத் தொகையோடு ஒப்பிட்டால் இது பெருஞ்செலவு என்று இக்கட்டுரையாளர் கருதவில்லை.

பிழை எல்லையைச் சொல்லாத எண்ணின் விலை என்ன என்பதைப் புலி கற்பித்தது. காலடித் தடங்களைக் கொண்டு புலிகளை எண்ணும் முறை 1966இல் வகுக்கப்பட்டு நாடெங்கும் பல்லாண்டு வழங்கியது. அது ஒவ்வொரு காப்பகத்திற்கும் ஐயமற்ற ஒரே எண்ணைத் தந்தது. ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலிகள் இருப்பதாகக் கணக்குகள் கூறி வந்த நிலையில், 2005ஆம் ஆண்டில் அங்கு ஒரு புலியும் இல்லை என்று தெரிய வந்தது. புதிய மாதிரிக் கணிப்பின்படி 2008இல் வெளியான தொகை 1,411. அதனோடு 1,165 முதல் 1,657 வரை என்ற எல்லையும் அச்சிடப்பட்டது. அதற்கு முன் கூறப்பட்டு வந்த தொகை 3,642. எல்லை அச்சிடப்பட்ட எண்ணைச் சிலர் பலவீனமென்று எள்ளினர். நிர்வாகி நம்பத்தக்கது அதுவே.

ஒலிப்பதிவுக் கருவிகள்

மரத்தில் கட்டிவிட்டால் வாரக் கணக்கில் தானே பதிவு செய்யும் கருவிகள் இப்போது உள்ளன. அப்பதிவுகளிலிருந்து இனத்தை அடையாளம் காணும் பேர்ட்நெட் போன்ற கணினி நிரல்களும் உள்ளன. பருவத்தை நிர்ணயிக்கவும், அரிய இனம் இருக்கிறதா என்று அறியவும், இரவுப் பறவைகளைக் கேட்கவும் இவை பெரிதும் உதவும். பத்து ஆண்டுகள் கழித்தும் பதிவை மறுபடி கேட்டுச் சரிபார்க்கலாம் என்பது தனிச் சிறப்பு. ஆனால் ஒற்றைக் கருவிக்குத் தூரம் தெரியாது. ஒரே பறவை பத்து முறை கூவியதா, பத்துப் பறவைகள் ஒரு முறை கூவினவா என்பதும் தெரியாது. மேலே கூறிய இரு திருத்தங்களும் கருவிக்கும் தேவைப்படுகின்றன. பல கருவிகளை நேரம் பொருத்தி வைத்து, குரல் வந்து சேரும் நொடியின் வேறுபாட்டால் இடத்தைக் கணிக்கும் முறை உண்டு. இமயத்து மேடுகளில் பலர் அமர்ந்து செய்ததைத்தான் கருவிகள் செய்கின்றன.

மயிலைப் பொறுத்தவரை கொங்கு மாவட்டங்களில் இதனைச் செய்வது எப்படி? மயிலின் குரல் நெடுந்தொலைவு கேட்பதால் 200 மீட்டர் இடைவெளி பயன்படாது. இடங்களுக்கிடையே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் வேண்டும். இடங்களைச் சாலை ஓரத்தில் வசதிப்படி தேர்ந்தெடுக்காமல், வரைபடத்தில் கட்டமிட்டுச் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். தரிசு, தோட்டம், காட்டோரம் ஒவ்வொன்றும் அதனதன் பரப்புக்கேற்ப இடம் பெற வேண்டும். அகவும் பருவம் மழையை ஒட்டி ஊருக்கு ஊர் மாறுவதால், முதலாண்டில் மாதந்தோறும் கேட்டுப் பார்த்து உச்ச மாதத்தை நிர்ணயிப்பது நலம். பெட்டைகளையும் இளமயில்களையும் அறிய, அறுவடைக்குப் பின் வெளிநிலங்களில் இரை தேடும் கூட்டங்களைக் கண்ணால் எண்ணி, ஆணுக்குப் பெண் விகிதத்தைத் தனியே பெற வேண்டும். அவ்விகிதத்தின் பிழையும் முடிவில் சேர்க்கப்பட வேண்டும். குறிப்பேட்டில் இடம், நாள், நேரம், காற்று, இரைச்சல், ஒவ்வொரு பறவையின் தூரமும் திசையும், முதலில் கேட்ட நிமிடம், கேட்டவர் பெயர் ஆகியவற்றுக்குப் பத்தி இருக்க வேண்டும். கேட்டவர் பெயர் எதற்கு என்று சில அலுவலகங்களில் கேட்பதுண்டு. அறுபது வயதுக் காதும் இருபது வயதுக் காதும் ஒரே வட்டத்தைக் கேட்பதில்லை. ஆள் மாறிய ஆண்டில் பறவை குறைந்ததாக எழுதப்படாமலிருக்க அந்தப் பத்தி வேண்டும்.